ஃபிளாஸ்க் பெற்ற ஜப்பான்காரர்

என் லாத்தா மகள் நாஜியாவுக்கு மோல்மேன் ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தகப்பனாரைப் பற்றி அரைப் பக்கம் எழுதி அனுப்பச் சொன்னார்கள். லாத்தா, அதாவது என் அக்கா மதீனா பீவி, அந்த வேலையை என் தலையில் கட்டினார்.

"உள்ளதை உள்ளபடி எழுது ரஹ்மத்துல்லா. இந்த வீட்டுல ஒருத்தர் எழுதி நாம பட்டது போதும்" என்றார்.

உள்ளதை உள்ளபடி எழுதினால் அரைப் பக்கத்தில் அடங்காது. மோல்மேன்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெண்ணின் தகப்பனார் பெயர் பீர் முகைதீன். எனக்கு மச்சான். எங்கள் வழக்கப்படி கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். அப்படி எண்பத்தாறில் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு ஜப்பான் ஃபிளாஸ்க்கும் தூக்கிக்கொண்டு ரங்கூன் இருபத்தெட்டாம் தெருவில் எங்கள் நாலாம் மாடி வீட்டுக்கு வந்தார். வந்த அன்றே சன்னல் பக்கத்து அறை அவருக்குப் போயிற்று. அதுவரை அது என் அறை. இருபத்துநாலு வருஷமாக நான் கூடத்தில் படுக்கிறேன். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நான் எழுதவில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

மச்சானுக்கு அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை. பர்மிய எழுத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீட்டில் மட்டும் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடமாட்டார். எண்பத்தெட்டில் ஊரே கடையடைத்துக் கிடந்தபோதுதான் நாஜியா பிறந்தாள். அச்சகமும் மூடிக் கிடந்ததால் மச்சான் நாலு மாதம் வீட்டிலேயே இருந்தார். அந்த நாலு மாதத்தில் அவர் தானாக எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்து நான் பார்த்ததில்லை. லாத்தா பச்சைக் குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அவருக்கு டீ நீட்டுவார். அவரும் வாங்கிக் குடித்துவிட்டு, "சர்க்கரை கொஞ்சம் கூடிப்போச்சு" என்பார். கெட்ட மனிதர் இல்லை. பக்கத்தில் ஆள் இருப்பது அவர் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்றில் கதை ஆரம்பித்தது. ஊ சான் லுவின் என்ற பதிப்பாளர் மச்சானுக்குப் பழக்கம். அவர் பன்சொடான் தெரு நடைபாதையில் அட்டை கிழிந்த இங்கிலீஷ் நாவல் ஒன்றைப் பொறுக்கி எடுத்துப் பர்மிய மொழியில் பெயர்த்திருந்தார். எழுதியவர் ஜப்பான்காரர், பெயர் கசாமோரி தொகுஜி. சண்டை முடிந்து ஜப்பான் சாம்பலாகக் கிடந்த காலத்தில் எழுத ஆரம்பித்தவர், எழுபது எண்பது நாவல் எழுதியவர் என்று முதல் பக்கத்தில் இரண்டு வரி இருந்தது. முதல் அத்தியாயத்தில் கொலை, மூன்றாவதில் காதல், ஐந்தாவதில் காதலித்தவளே கொலை. நம் ஊரில் நன்றாகப் போகும்.

ஆனால் புத்தகம் அச்சிட அனுமதி தரும் ஆபீசில் நிரப்பித் தரச் சொல்லி ஒரு பாரம் கொடுத்துவிட்டார்கள். எழுத்தாளரின் தகப்பன் பெயர், தாய் பெயர், குடும்ப நிலை, நன்னடத்தை, வாழ்க்கை வரலாறு ஒரு பக்கம். மறுநாள் காலைக்குள் வேண்டும். ஊ சான் லுவின் டீக்கடையில் வந்து உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். நானும் அங்கேதான் இருந்தேன். மச்சான் பாரத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நான் பாத்துக்குறேன்" என்றார். வெளியே தெரிந்தால் பதிப்பகத்தையே மூடிவிடுவார்கள் என்பதால் மூன்று பேரும் யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டோம். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது என்று பதிப்பாளர் மச்சானைப் பார்த்துத் தனியாக ஒரு சத்தியம் வாங்கினார்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே முட்டி நின்றது. இந்த நாட்டில் பரம்பரைப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் இல்லாவிட்டால் எந்த ஆபீசிலும் ஆள் ஆளே இல்லை. ஜப்பான்காரரின் தகப்பனுக்கு மச்சான் எங்கே போவார்? மேசைமேல் அவருடைய ஃபிளாஸ்க் இருந்தது. அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அடியில் இங்கிலீஷ் எழுத்தில் 'தோமிசாகி' என்று கம்பெனி பெயர் அழுத்தியிருந்தது. தகப்பன் கிடைத்துவிட்டான். தாய் பெயரை லாத்தாவின் தையல் மிஷினிலிருந்து எடுத்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

மீதி எல்லாம் மளமளவென்று வந்தது. தோமிசாகியின் மகன் கசாமோரி தொகுஜி ஏழை வீட்டில் பிறந்தார். படித்தார். எழுதினார். கல்யாணம் ஆனதும் முறைப்படி மனைவியின் வீட்டோடு போய்க் குடியேறினார். இதை எழுதும்போது மச்சானுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கல்யாணமான ஆண்பிள்ளை வேறு எங்கே போவான்?

பாரம் திரும்பி வந்தது. நன்னடத்தை போதாது என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். மச்சான் மறுபடி உட்கார்ந்தார். கசாமோரி குடிக்கமாட்டார், அதிர்ந்து பேசமாட்டார், அதிகாலையில் எழுந்து மனைவி கண் விழிப்பதற்குள் தன் கையால் டீ போட்டு வைப்பார் என்று சேர்த்தார். ஆபீசில் உடனே முத்திரை குத்திவிட்டார்கள். அந்தப் பக்கம் புத்தகத்தின் முன்னால் அப்படியே அச்சாகி வந்தது.

எங்கள் தெருவில் லிப்ட் கிடையாது. ஒவ்வொரு மாடி வீட்டிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும். கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கிளிப், அதற்குக் கீழே வாலாக மீதிக் கயிறு, மேலே ஒரு மணி. பத்திரிகைக்காரன், கறிக்காரன், யாராக இருந்தாலும் கிளிப்பில் மாட்டிவிட்டுக் கயிற்றை ஆட்டினால் மேலே இழுத்துக்கொள்வார்கள். கீழே இருந்த வாடகைப் புத்தகக் கடையிலிருந்து அந்த நாவலும் அப்படித்தான் லாத்தாவிடம் ஏறி வந்தது. லாத்தா எங்கள் தெருப் பெண்களிலேயே அதிகம் படிப்பவர். அன்று சாயங்காலம் சோறு போடும்போது ஆரம்பித்தார்.

"ஏங்க, இந்த ஜப்பான்காரரு காலையில எந்திரிச்சுப் பொண்டாட்டிக்கு டீ போட்டுக் குடுப்பாராமே."

மச்சான் தட்டைவிட்டுத் தலையை எடுக்கவில்லை. "அப்படியா?" என்றார்.

"உங்கள மாதிரி வீட்டோட மாப்பிள்ளதான். இருந்தாலும் பாருங்க, எவ்வளவு தன்மையான மனுசன்!"

எனக்குப் புரை ஏறிவிட்டது. மச்சான் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

புத்தகம் நன்றாகப் போயிற்று. பதிப்பாளர் இரண்டாவது நாவலை எடுத்தார், மூன்றாவதை எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் புது வாழ்க்கை வரலாறு கேட்டார்கள். ஆபீஸ் அதிகாரிக்குப் பழைய பாரங்கள் எல்லாம் மனப்பாடம். "போன புத்தகத்தில் மனைவிக்கு மூட்டுவலி என்று இருந்ததே, இப்போது எப்படி இருக்கிறது?" என்று ஊ சான் லுவினிடம் அக்கறையாக விசாரிப்பார். தெருப் பெண்களோ நாவலையே விட்டுவிட்டார்கள். வாடகைக்கு எடுத்து முன்னால் இருக்கும் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, கொலையை யார் செய்தது என்று எட்டிக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். வருஷங்கள் போகப் போகக் கசாமோரி மனைவிக்கு விசிறிவிட்டார், மாமியார் கொடுத்த சோற்றைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார், மனைவிக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் எழுதுவதை நிறுத்தினார்.

எழுதுவது மச்சான். அடி வாங்குவதும் மச்சான். "கசாமோரி ஸயா துணியெல்லாம் அவரே மடிச்சு வெக்கிறாரு." "கசாமோரி ஸயா பொண்டாட்டிகிட்ட ஒரு நாளைக்கி ஒரு தடவையாவது, 'நீ சாப்பிட்டியா'ன்னு கேப்பாராம்." பர்மாவில் எழுத்தாளரை ஸயா என்றுதான் மரியாதையாகச் சொல்வார்கள். கட்டின புருஷனைத் தவிர மற்ற எல்லாருக்கும் அந்த வீட்டில் மரியாதை கூடிக்கொண்டே போயிற்று.

ஒரு நாள் மச்சான் என்னை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். கண் கலங்கியிருந்தது.

"மாப்புளே, அந்த ஆளுகிட்ட இருக்குற நல்லது எல்லாம் என் மண்டையில இருந்து வந்தது. உங்க லாத்தா ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அவரப் பாக்குற மாதிரி என்னப் பாத்துட்டாப் போதும். சொல்லவும் முடியல, மெல்லவும் முடியல."

"அதுக்கு எழுதுறதுல பாதியச் செஞ்சு காட்டலாமே மச்சான்."

"நான் எதைச் செஞ்சாலும் அந்தாளப் பாத்துச் செஞ்ச மாதிரில்ல ஆயிரும்!" என்றார். இவ்வளவு படித்த மனிதருக்கு இப்படி ஒரு வீம்பு.

அடுத்த புத்தகத்தில் ஜப்பான்காரரைக் கெடுக்கப் பார்த்தார். கசாமோரி இரவில் பயங்கரமாகக் குறட்டை விடுவார், ஒரு முறை கல்யாண நாளை மறந்துவிட்டார் என்று எழுதினார். ஆபீசிலிருந்து பக்கம் திரும்பி வந்தது. 'ஆசிய எழுத்தாளரின் ஒழுக்கத்தைக் குறைத்துக் காட்டுகிறது. குறட்டை நீக்கப்பட வேண்டும்' என்று சிவப்பு மை. குறட்டை நீங்கியது. கசாமோரி முன்னைவிட ஒழுக்கமாகத் தூங்கினார்.

தொண்ணூற்றொன்பதில் மச்சான் பொறுமை இழந்து ஜப்பான்காரரைக் கொன்றுவிட்டார். ஒன்பதாவது புத்தகத்தின் முன்னால், 'மனைவிக்கு டீ போட்டு வைத்துவிட்டு அதே நாற்காலியில் அமைதியாகக் கண் மூடினார்' என்று நாலு வரி. அதிகாரி முத்திரையோடு ஓரத்தில் ஆழ்ந்த அனுதாபமும் எழுதி அனுப்பினார்.

பிறகு தெருவில் நடந்ததை நான் எந்தக் காலத்திலும் மறக்கமாட்டேன். கீழ் மாடியிலிருந்த பர்மியப் பெண்கள் ஏழாம் நாள் பிக்குகளை அழைத்துச் சோறு போட்டார்கள். வாடகைப் புத்தகக் கடையில் பூ வைத்தார்கள். படம் இல்லாததால் ஒன்பது புத்தகங்களையும் அடுக்கி அதற்கு முன்னால் வைத்தார்கள். லாத்தா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பரணிலிருந்து பெரிய சோற்றுத் தேக்சாவை இறக்கச் சொன்னார்.

"நாமளும் தெருவுக்கு நெய்ச்சோறு போடுறோம்" என்றார்.

"ஜப்பான்காரனுக்கா?" என்று மச்சான் கத்தினார்.

"பசிச்ச ஆளுக்குத்தான். நீங்கதான் கிண்டணும். கசாமோரி ஸயா இருந்திருந்தா அவரே வந்து கிண்டியிருப்பாரு."

மச்சான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தேக்சா முன்னால் நின்றார். தான் கொன்ற ஆளுக்குத் தானே வியர்க்க வியர்க்கச் சோறு கிண்டினார். அத்தோடு தீர்ந்ததா என்றால் இல்லை. அடுத்த வருஷம் அதே தேதிக்கு லாத்தா மறுபடி தேக்சாவை இறக்கினார். அதற்கடுத்த வருஷமும். பத்து வருஷம். நான் விறகு தள்ளிப்போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் வினை இன்டர்நெட் கடை உருவில் வந்தது. சூலே பகோடா பக்கம் இருந்த ஒரு கடையில் நாஜியா கணக்கு வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பக்கத்திலேயே இன்டர்நெட் கடை. அம்மா வருஷா வருஷம் சோறு போடும் ஜப்பான்காரரின் போட்டோ ஒன்றை எடுத்து அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசில் தோன்றியிருக்கிறது. நானும் மச்சானும் டீக்கடையில் இருந்தபோது கையில் ஒரு தாளோடு வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"வாப்பா, அந்த ஸயா சாகல. எண்பத்துநாலு வயசு. நல்லா இருக்காரு."

மச்சான் டீ கிளாஸை மேசையில் வைத்தார்.

"மூணு பொண்டாட்டியாம். குடிச்சுட்டுக் கோப்பையத் தூக்கி எறிவாராம். குதிரைப் பந்தயத்துல எல்லாத்தையும் விட்டாராம். ஒண்ணே ஒண்ணு மட்டும் புத்தகத்துல உள்ள மாதிரியே இருக்கு. மொதல் கல்யாணத்துல பொண்டாட்டி வீட்டோட போயிக் குடியேறி அவங்க குடும்பப் பேரையே வெச்சுக்கிட்டாராம். ஜப்பான்ல அப்படி ஒரு வழக்கம் இருக்காம்."

மச்சான் முகத்தில் ஒரு விநாடி அப்படி ஒரு பெருமிதம். பிறகுதான் மீதி எல்லாம் உறைத்தது. லாத்தா இதைப் படித்தால் பதினெட்டு வருஷப் பொய்யும் ஒரே நாளில் வெளியே வந்துவிடும். டீ போட்ட ஆளும் கிடையாது, விசிறிவிட்ட ஆளும் கிடையாது. மிச்சம் இருப்பது பெண்டாட்டியை ஏமாற்றிய ஒரு புரூஃப் பார்ப்பவர் மட்டும்தான்.

"அந்தத் தாளக் குடு புள்ளே" என்று கையை நீட்டினார்.

"இது ரெண்டாவது காப்பி வாப்பா. மொதக் காப்பிய இப்பத்தான் நம்ம கயித்துல மாட்டிட்டு வந்தேன், உம்மா இன்னும் இழுக்கல. யாரு நாலு மாடி ஏறுறது?"

மச்சான் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். நாங்கள் தெருவுக்கு வந்தபோது தாள் ஒன்றாம் மாடி உயரத்தில் ஆடிக்கொண்டே மேலே போய்க்கொண்டிருந்தது. மச்சான் எகிறிக் கயிற்றின் வாலைப் பிடித்துத் தொங்கினார். மேலே லாத்தா இழுத்தார். கீழே இவர் இழுத்தார். மணி கிணுகிணுவென்று அடித்தது.

"யாருடா அது, கயித்துல வெளையாடுறது?" என்று நாலாம் மாடியிலிருந்து சத்தம்.

"நான்தான் மதீனா! விட்டுரு!"

"நீங்க விடுங்க!"

இரண்டு கையும் கயிற்றில் இருந்தால் லுங்கியை யார் பிடிப்பது? அது தன் பாட்டுக்கு இறங்க ஆரம்பித்தது. தெருப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கொஞ்சம் தாமதமாகத்தான் திருப்பிக்கொண்டார்கள். மச்சான் ஒரு கையால் மானத்தைப் பிடிக்க, மறு கையிலிருந்து கயிறு நழுவ, தாள் விர்ரென்று நாலாம் மாடிக்குப் போயிற்று.

மூச்சிரைக்க மாடி ஏறினோம். லாத்தா நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். நாஜியா எல்லாவற்றையும் பர்மிய மொழியில் எழுதி வைத்திருந்தாள். லாத்தா நிதானமாகக் கடைசி வரிவரை படித்துவிட்டுத் தாளை மடித்தார்.

"இது வேற ஆளு" என்றார்.

அப்போது மச்சான் வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இல்ல மதீனா. அதுதான் நெசமான ஆளு. நீ படிச்சது எல்லாம் நான் எழுதுனது. டீ, விசிறி, காய்ச்சல், எல்லாம். மன்னிச்சுரு."

லாத்தா எழுந்து அடுப்படிக்குப் போனார். பழைய ஃபிளாஸ்க்கை எடுத்து வந்து, அடியைத் திருப்பி மச்சான் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"தோமிசாகி மகன் கசாமோரி. உங்க ஜப்பான்காரரோட வாப்பாவ நான் தெனமும் ரெண்டு வேளை கழுவிக் கவுத்து வெக்கிறேன். அவரோட உம்மாவுலதான் சட்டை தைக்கிறேன். மொதப் புத்தகத்துலயே தெரியும்."

எனக்கே தலை சுற்றியது. "அப்புறம் ஏன் லாத்தா சொல்லல?" என்றேன்.

"சொன்னா எழுதுறத நிறுத்திருவாருல்ல? என்ன செய்யணும்னு இந்த மனுசருக்கு ஒண்ணு விடாமத் தெரிஞ்சிருக்கு. புத்தகத்துல போடுறவரு ஒரு நாளைக்கி வீட்டுலயும் செய்வாருன்னு பாத்தேன். குத்திக் குத்திக் காட்டியும் பாத்தேன். கடைசியில அவரக் கொன்னுட்டாரு. நான் அழுதது ஜப்பான்காரனுக்குன்னா நெனச்சீங்க? எனக்கு வரப்போற புருசன்னு எட்டு வருசமாக் காத்திருந்தேன். அவருல்ல செத்துப்போனாரு." லாத்தாவின் குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டார். "அந்தக் கோவத்துலதான் பத்து வருசமா உங்கள தேக்சா கிண்ட விட்டேன்."

மச்சான் அழுதார். நானும் அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. சிறிது நேரம் கழித்து அவர் எழுந்து அடுப்படிக்குள் போனார். டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது.

"மதீனா, சர்க்கரை எதுல இருக்கு?"

கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷம். சர்க்கரை அன்றிலிருந்து இன்றுவரை ஒரே டப்பாவில்தான் இருக்கிறது. லாத்தா சொல்லவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். கால் மணி நேரம் கழித்து டீ வந்தது. பார்க்கச் சாக்கடைத் தண்ணீர் மாதிரி இருந்தது. லாத்தா ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடிக்கொண்டார், மீதியையும் குடித்தார்.

"சர்க்கரை கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.

அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில் மச்சான் டீ போடுகிறார். இன்னும் நன்றாக வரவில்லை. கூடத்தில் படுத்திருக்கும் எனக்கு டப்பாச் சத்தத்தில் தூக்கம் போனதுதான் கண்ட பலன். இதுவரை ஒரு கிளாஸ் எனக்கு வந்ததில்லை. கசாமோரியின் தேதிக்கு இந்த வருஷமும் நெய்ச்சோறு போட்டோம். நிஜ ஜப்பான்காரர் நூறு வயது இருக்க வேண்டும் என்று நினைத்துப் போட்டோம். மச்சான் யாரும் கூப்பிடாமலே வந்து தேக்சா முன்னால் நின்றார்.

இதுவரை எழுதியதை நேற்று லாத்தாவிடம் படிக்கக் கொடுத்தேன். மோல்மேன்காரர்கள் இதைப் படித்தால் சம்பந்தம் நிற்குமா என்று எனக்குப் பயம். லாத்தா முழுக்கப் படித்தார். கயிற்றுச் சண்டை வந்த இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தாளை என்னிடம் நீட்டினார்.

"ஒண்ணு விட்டுப்போச்சு. குறட்டைய அந்த ஜப்பான்காரர் தலையில கட்டிட்டியே. அது இவரோடது. இவரு பேர்லயே எழுது."

"மாப்பிள்ள வீட்டுக்குப் போறது லாத்தா. குறட்டை எதுக்கு?"

"எழுதுடா" என்றார். "இந்த ஆளு நெசமான ஆளுன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

எழுதிவிட்டேன். பெண்ணின் தகப்பனார் பீர் முகைதீன் குறட்டை விடுவார்.